தாசில்தார் இரண்டடி பின்னால் போனால்

ஜனவரி 16, வியாழன்

சிமெண்ட் கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி. போன வருஷத்து டைரியில் நான் மூன்று பக்கம் எழுதினேன். மிச்சத்தை ருக்குமணி கிழித்துக் கிழித்து முறுக்கு சுற்றினாள். இந்த வருஷம் விடுவதாக இல்லை. எண்ணெய் மில் எடைமேடையில் உட்கார்ந்து காலமெல்லாம் லாரிக்குச் சீட்டு எழுதின கை. மில்லை விட்டு வந்து ஆடு வளர்க்க ஆரம்பித்த பிறகும் எழுதாவிட்டால் அரிக்கிறது.

நேற்றுப் பட்டிப் பொங்கல். பெட்டை ஆடுகளுக்கெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். புதிதாக வந்த கிடாய்க்கு ருக்குமணி நெற்றி நிறையச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாள். தலையைத் தாழ்த்தி வாங்கிக்கொண்டார். போன வெள்ளிக்கிழமை கன்னிவாடிச் சந்தையில் நான் இவரைத் தேர்ந்தெடுத்ததே இந்தப் பணிவுக்காகத்தான். நெற்றியில் கை வைத்தேன். குனிந்து என் உள்ளங்கையில் தலையை அழுத்திக்கொண்டு நின்றார். அத்தனை ஜனம் புழங்குகிற சந்தையில் ஒரு ஜீவன் எனக்குத் தலைவணங்கியது. என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. விற்றவர் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். பாவம், பிரிய மனசில்லை போல.

மேச்சேரி இனம். கொம்பு கிடையாது. செம்மண் நிறம். யார் வணக்கம் வைத்தாலும் திரும்ப வைக்காத நடை. தாசில்தார் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

மேகலா பொங்கலுக்கு வந்திருக்கிறாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் தனியாக வருவது இப்போதுதான். மாப்பிள்ளை சசிதரனுக்குப் பனியன் கம்பெனியில் சரக்கு அனுப்புகிற அவசரமாம், திருப்பூரிலேயே இருந்துகொண்டார். பொறுப்பான மனுஷர்.


ஜனவரி 17, வெள்ளி

காலையில் ஆடு மேய்கிற கொறங்காட்டுக்குப் போய், தொட்டிக்குத் தண்ணீர் விடக் குனிந்தேன். அதற்கடுத்து எனக்கு நினைவிருப்பது கொழுக்கட்டைப் புல்லின் வேர். மிகப் பக்கத்தில் இருந்தது.

பாரம் ஏற்றின லாரி எடைமேடை மேல் வரும்போது தரை ஒரு தடவை மூச்சு விடும். அந்த மாதிரி ஒரு மூச்சு என் பின்னால் கேட்டது. அவ்வளவுதான். கத்தல் இல்லை, உறுமல் இல்லை. எழுந்து திரும்பிப் பார்த்தால் தாசில்தார் நின்ற இடத்திலேயே நின்று அசை போட்டுக்கொண்டிருக்கிறார், ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கோப்புக்குக் காத்திருப்பவர் மாதிரி. ஐம்பது கிலோ தேறாத உடம்பு. அதற்குள் இத்தனை டன்னை எங்கே வைத்திருக்கிறார் என்று விழுந்த வலியிலும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேற்றில் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். ருக்குமணி என்னை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

“வழுக்கி உழுந்தவருக்கு வேட்டில, அதுவும் பின்னால, எதுக்குங்க சந்தனமும் குங்குமமும்?”

மேகலா சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது இப்போதுதான். விழுந்தது வீணில்லை.


ஜனவரி 18, சனி

உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன்.


ஜனவரி 21, செவ்வாய்

பக்கத்துக் காட்டுச் சென்னியப்பண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே துக்கம் விசாரித்தார். உள்ளே வரவில்லை. முட்டுகிற கிடாய்க்கு முட்ட ஏதாவது கொடுத்துவிட வேண்டும், ஆசை தீர்ந்துவிடும் என்பது அவர் யோசனை. எனக்கும் ஞாயமாகப் பட்டது. பழைய ஸ்கூட்டர் டயரை வெள்வேல மரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன்.

மாப்பிள்ளை போன் செய்தார். மேகலாவை எப்போது அனுப்புவீர்கள் மாமா என்று எவ்வளவு பதவிசாகக் கேட்டார். நாளைக்கே பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ருக்குமணி போனை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் காது குத்து இருக்கிறது, முடித்துவிட்டு வரட்டும் என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு காது குத்து இருப்பது எனக்கே தெரியாது. மகளைப் பிரிய இவளுக்கு மனசில்லை.


ஜனவரி 25, சனி

ஆசை தீரவில்லை. நான் கட்டின டயர் தாசில்தாருக்குத் தேகப்பயிற்சிக் கூடமாகிவிட்டது.

ஆனால் அந்தப் பயிற்சியைப் பார்க்க வேண்டும். டயருக்கு எதிரே நிற்கிறார். பின்னால் போகிறார். முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்புகின்றன, ஒரு கணம் மனுஷனைப் போல இரண்டு காலில் நிற்கிறார், பிறகு உடம்பு முழுவதும் ஒரே நெற்றியாகிக் கீழே இறங்குகிறது. டொம். மரம் அதிர்ந்து காய்ந்த வேலங்காய்கள் உதிர்கின்றன. அவற்றைத் தின்னப் பெட்டை ஆடுகள் ஓடி வருகின்றன. அவர் அந்தப் பக்கம் பார்ப்பதுகூட இல்லை. நான் மண்வெட்டியைப் பிடித்தபடி வேலை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். நாலு காசு கொடுத்து வாங்கின பொருளுக்குள் இப்படி ஒன்று இருந்தால் பயப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

அந்தச் சத்தம் வீடு வரைக்கும் கேட்கிறது. முதல் டொம் கேட்டபோது மேகலா கையிலிருந்த பால் சொம்பைக் கீழே போட்டுவிட்டாளாம். நகரத்தில் இருந்து பழகிவிட்டால் இப்படித்தான், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கென்கிறது. சாப்பிடும்போதும் சுவரோரமாய்ச் சாய்ந்துதான் உட்கார்கிறாள். வீட்டுக்குள்ளேயே முழுக்கை போட்ட சுடிதார். இந்த வெயிலில் எதற்கு என்று கேட்டேன். கொசு என்றாள்.


ஜனவரி 29, புதன்

ருக்குமணியை முட்டிவிட்டார்.

காலையில் குங்குமம் வைக்கப் போயிருக்கிறாள். எத்தனை சொன்னாலும் கேட்கவில்லை, அம்மாசை, வைக்காமல் இருக்கக் கூடாதாம். வைத்துவிட்டுத் திரும்பி நடந்தவளை முழங்காலுக்குப் பின்னால் தூக்கிவிட்டார். எலும்பு முறியவில்லை. முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியிருக்கிறது. கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒன்று அவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் இருக்க வேண்டும் என்றாள். இதில் எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை என்று சொன்னேன். யாரை அனுப்புவது என்று யோசிக்க வேண்டாமா என்று நான் கேட்டிருக்க வேண்டும், சிரித்திருப்பாள். இன்றைக்கு எனக்கே சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஓட்டிப் போய்க் கறிக்கு விடுவது என்று முடிவு செய்தேன். இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். மேகலா தட்டிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

“வித்துப்போடாதீங்கப்பா. ஒரு வாரம் எனக்குக் குடுங்க.”

ஆட்டுப்பட்டிப் பக்கமே வராத பிள்ளை. எதற்கு என்று கேட்டேன்.

“அவரு சொல்லாம அடிக்கறதில்லீங்கப்பா. அடிக்கறதுக்கு முன்னால ஒடம்பு பூராச் சொல்லுது. யாரும் பாக்கறதில்ல, அவ்வளவுதான்.”

சரி என்றுவிட்டேன். பொங்கலுக்கு வந்தவள் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசினதே அதிசயம்.


ஜனவரி 31, வெள்ளி

சந்தைக்குப் போகவில்லை. மேகலா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கிளுவை வேலி ஓரமாய் உட்கார்ந்து பகல் முழுவதும் தாசில்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் இவளைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஜாதகம் பார்ப்பது போல இருந்தது.

ருக்குமணியின் வீக்கம் குறைந்திருக்கிறது. வாய் குறையவில்லை. நல்ல அறிகுறி.


பிப்ரவரி 2, ஞாயிறு

இன்றைக்குக் கண்டதை எழுத எனக்குப் படிப்புப் பத்தாது. பன்னிரண்டாவதில் இரண்டு தடவை உட்கார்ந்தவன். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

காலை வெயில் ஏறுகிற நேரம். மேகலா தட்டியைத் தள்ளிக்கொண்டு கொறங்காட்டுக்குள் போனாள். நான் தடியோடு பின்னால் ஓடினேன். தடியைப் போட்டுவிட்டு வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னாள். தடி இருந்தால் அவருக்குச் சண்டைக்கு ஆள் வந்த மாதிரி, நீங்கள் இருந்தால் அதைவிட என்றாள். போட்டுவிட்டேன்.

அவள் மரத்தடியில் போய் நின்றாள். நேருக்கு நேர் நிற்கவில்லை, தோளைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு நின்றாள். தாசில்தார் புல்லிலிருந்து தலை எடுத்தார். அசை போடுவது நின்றது. அதை நான் இத்தனை நாளும் பார்த்ததே இல்லை. அசை நின்றதும் கழுத்து விறைத்தது. கண் இவளைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த எதையோ பார்த்தது. தாடை உள்வாங்கியது. ஒரு அடி பின்னால். இன்னொரு அடி பின்னால்.

அந்த இரண்டாவது அடி தரையில் பதிவதற்குள் மேகலா நகர்ந்துவிட்டாள். ஓடவில்லை. துள்ளவில்லை. இடது பக்கம் கோணலாய் ஒரே ஒரு எட்டு, நெரிசலான பஸ்ஸில் அடுத்தவருக்கு வழி விடுவது போல. தாசில்தார் வந்த வேகத்தில், அவள் அரைக் கணம் முன்பு நின்ற வெறும் காற்றை முட்டிக்கொண்டு போனார். அவள் துப்பட்டாவின் முனை அந்தக் காற்றில் ஆடியது.

மறுபடி வந்தார். மறுபடி அவள் அங்கே இல்லை. திரும்பவும் வந்தார். கடைசியில் கோப்புக் காணாமல் போன அதிகாரியைப் போல நின்று அங்குமிங்கும் பார்த்துவிட்டு, புல் மேயப் போய்விட்டார்.

எனக்கு முழங்கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. கோயிலில் தீபாராதனை நேரத்தில்கூட எனக்கு இப்படி ஆனதில்லை. அவள் முகத்தைத்தான் மறக்க முடியவில்லை. அதில் பயம் இல்லை. தைரியம் என்றும் சொல்ல முடியாது. அடுப்பில் பால் வைத்துவிட்டு, எப்போது பொங்கும் என்று தெரிந்து பக்கத்தில் நிற்கிறவளின் முகம்.

வெளியே வந்ததும் கேட்டேன், இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய், திருப்பூர் மாடி வீட்டில் ஆடு கிடையாதே என்று.

“பாத்துப் பாத்துப் பழகிப்போச்சுங்கப்பா” என்றாள்.

நாலு நாள் பார்த்ததற்கே இப்படி. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத வரம். சென்னியப்பண்ணன், பால் சொசைட்டிக்காரர், மளிகைக்கடை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று இன்றைக்குக் கண்ணில் பட்ட எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.


பிப்ரவரி 4, செவ்வாய்

எனக்கும் ருக்குமணிக்கும் பாடம் நடக்கிறது. வாத்தியார் மேகலா. ருக்குமணி கட்டிலில் இருந்தபடி தபால் வழிக் கல்வி.

முதல் பாடம், முதுகைக் காட்டக் கூடாது. இரண்டாவது, நெற்றியைத் தொடக் கூடாது. நெற்றியில் கை வைப்பதை நாம் கொஞ்சல் என்று நினைக்கிறோம், அவருக்கு அது ‘வாடா பார்க்கலாம்’ என்று கூப்பிடுவது. அப்படியானால் சந்தையில் என் கையில் அவர் தலையை அழுத்தினது? வணக்கம் இல்லையாம், எச்சரிக்கையாம். ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட மரியாதை போயிற்று. குங்குமத்தை இனி வால் பக்கம் வைப்பது என்று ருக்குமணி ஒப்புக்கொண்டிருக்கிறாள், அதுவும் வேலிக்கு வெளியே நின்று, ஆளை வைத்து.

மூன்றாவது, கண்ணை எடுக்கக் கூடாது. முறைக்க வேண்டாம், ஆனால் தாடையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான்காவதுதான் என்னை அசத்திவிட்டது. மூங்கில் படல்களை எடுத்து வந்து தாசில்தாருக்கு மட்டும் ஒடுக்கமாய் ஒரு பட்டி கட்டச் சொன்னாள். துணைக்கு வயசான ஒரு பெட்டை ஆடு. இரண்டும் படுக்கலாம், எழலாம், தீனி தின்னலாம். ஆனால் பின்னால் போக இடமில்லை.

“பின்னால போயி ஓடி வந்தாத்தாங்கப்பா அடி. ஓடி வர எடமில்லாட்டிப் போனா அவருகிட்ட இருக்கறது வெறும் தலைதான்.”

கட்டினோம். தாசில்தார் உள்ளே நின்று ஒரு அடி பின்னால் வைத்தார், படல் இடித்தது. முன்னால் பார்த்தார், படல். அப்படியே நின்றார். பிறகு படுத்துவிட்டார். இத்தனை பலத்துக்கும் ஒரு கஜ இடம்தான் மூலதனமா என்று நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாப்பிள்ளை போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்து அழைத்துப் போகிறாராம். தைப்பூசம் கழித்துப் போகட்டுமே என்று ருக்குமணி கட்டிலிலிருந்து கத்தினாள். வாங்க மாப்ள என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். எத்தனை நாள்தான் பிள்ளையை இங்கேயே வைத்துக்கொள்வது, அவருக்கும் சாப்பாட்டுக்குக் கஷ்டம். மேகலாவிடம் சொன்னேன். சரிங்கப்பா என்றாள். சாயங்காலம் வரைக்கும் பட்டியை விட்டு வரவில்லை.


பிப்ரவரி 7, வெள்ளி

இன்று நான் பாஸ்.

கொறங்காட்டில் தாசில்தாரை உலாத்த விட்டிருந்தோம். தீவனக் கூடையோடு போனேன். அசை நின்றது. பார்த்தேன். கழுத்து விறைத்தது. பார்த்தேன். கண் வேறெங்கோ போனது. தாடை உள்வாங்கியது. ஒன்று. இரண்டு. நகர்ந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். என்னைத் தொடாமல் போன அந்தக் காற்று இருக்கிறதே, அது என் வேட்டியில் பட்டபோது ஐம்பத்தாறு வயசில் எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. கூடை கையை விட்டுப் போனது வேறு விஷயம்.

மேகலா வேலிக்கு வெளியே நின்று கை தட்டினாள். இனி உங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போகலாம் என்றாள். போ கண்ணு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.


பிப்ரவரி 9, ஞாயிறு

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

பதினோரு மணிக்கு மாப்பிள்ளையும் சம்பந்தி ரத்தினசபாபதியும் காரில் வந்தார்கள். வாசலில் சுவரோரமாய்ப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். ருக்குமணி நொண்டிக்கொண்டே முறுக்கு வைத்தாள். நான் தாசில்தார் கதையை ஆதியோடந்தமாய்ச் சொன்னேன், வேட்டியில் குங்குமம் ஒட்டினது உட்பட. மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். கறிக்கடைக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்தது, இதற்கு எதற்கு மாமா இத்தனை பாடு என்றார். நானும் சிரித்தேன். சம்பந்தி, வருகிற வழியில் ரோடு போட்டிருக்கிற லட்சணத்தைப் பற்றி ஆரம்பித்தார்.

மேகலா தட்டில் காப்பி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை முறுக்கைக் கடித்துக்கொண்டே, துணியெல்லாம் எடுத்து வைத்தாயா, கிளம்பலாமா என்றார். மெதுவாகத்தான் கேட்டார். பூசத்துக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்று மேகலா சொன்னாள். அவளும் மெதுவாகத்தான் சொன்னாள்.

மாப்பிள்ளையின் வாயில் முறுக்கு நின்றது.

கழுத்து விறைத்தது. கண் மேகலாவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்தது. தாடை உள்வாங்கியது. வலது கால் நாற்காலிக்கு அடியில் பின்னால் போனது. பிறகு இடது கால்.

அந்த இரண்டாவது கால் தரையில் பதிவதற்குள் மேகலா நகர்ந்துவிட்டாள். இடது பக்கம், கோணலாய், ஒரே ஒரு எட்டு. தோள் திரும்பியிருந்தது. தட்டிலிருந்த டம்ளர்கள் கொஞ்சமும் ஆடவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. மாப்பிள்ளையின் கை டம்ளருக்குத்தான் நீண்டது. சம்பந்தி இன்னும் ரோட்டில்தான் இருந்தார். யாரும் எதையும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். பார்க்க எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாளே. அந்த எட்டை எனக்குத் தெரியும். ஒரு வாரமாய் ஊர் முழுக்க வரம் வரம் என்று சொல்லித் திரிந்தது அந்த எட்டைத்தான். நாலு நாளில் ஆட்டிடம் கற்றதில்லை அது. இரண்டு வருஷம் ஒரு மாடி வீட்டில், தினம் தினம் பார்த்துப் பழகினது. பால் சொம்பும், சுவரோரமும், முழுக்கையும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து என் நெஞ்சில் முட்டின. எதற்கும் நான் நகரத் தெரிந்தவன் இல்லை.

உட்கார்ந்தபடியே நாற்காலியை இழுத்தேன். தரையில் கறக் என்று சத்தம் வந்தது. இன்னும் இழுத்தேன். மாப்பிள்ளையின் முழங்காலும் என் முழங்காலும் முட்டுகிற வரைக்கும் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவருக்குப் பின்னால் சுவர். முன்னால் நான். நடுவில் ஒரு முறுக்குத் தட்டு வைக்கக்கூட இடமில்லை.

“மாப்ள, மேகலா வரமாட்டாளுங்க.”

“பூசம் முடிஞ்சே வந்து கூட்டிட்டுப் போறனுங்க மாமா. அதுக்கென்ன.”

“பூசம் முடிஞ்சும் வரமாட்டா. இனி அங்க வரமாட்டாளுங்க.”

சம்பந்தி ரோட்டை விட்டு இறங்கினார். என்ன நாச்சிமுத்து விளையாடுகிறீர்களா, குடும்பம் என்றால் நாலும் இருக்கும், பெற்றவர்களே தூண்டிவிடலாமா என்று சத்தம் போட்டார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. கண்ணை எடுக்கக் கூடாது என்பது மூன்றாவது பாடம். சசிதரனின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழப் பார்த்தான். எழ இடமில்லை. நாற்காலி பின்னால் நகர்ந்தது, சுவர் இடித்தது. இவ்வளவு கிட்டத்தில் அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அதில் ஒன்றும் இல்லை. வெறும் தலைதான்.

நிலைப்படியில் ருக்குமணி வந்து நின்றாள்.

“சம்பந்தி, பேச்சை உடுங்க. புள்ளை கையத் தூக்கிக் காட்டச் சொல்லட்டுங்களா? பாக்கறீங்களா?”

சம்பந்தி மகனைப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடினார். அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

நான் நாற்காலியை நகர்த்தி வழி விட்டேன். சசிதரன் என்னைத் தாண்டிப் போகும்போது, இதற்கு அனுபவிப்பீர்கள் என்று காதோரம் சொன்னான். எப்போதும் போல மெதுவாகத்தான். கார் போனது.

மேகலா அதே இடத்தில் தட்டோடு நின்றிருந்தாள். வாங்கப் போனேன், வரவில்லை. விரல்கள் தட்டை அப்படிப் பிடித்திருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். சின்னப் பிள்ளையில் கையில் ஒட்டின வெல்லத்தைப் பிரித்தெடுப்போமே, அப்படி.


பிப்ரவரி 10, திங்கள்

உனக்கு எப்போது தெரியும் என்று ருக்குமணியிடம் கேட்டேன். பொங்கலுக்கு முந்தின நாள், எண்ணெய் தேய்த்துவிட்டபோது என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டாளுங்க. அப்பாவுக்கு மாப்பிள்ளைன்னா உசுரு, தாங்கமாட்டாருன்னா.”

நான் போய் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினேன்.


பிப்ரவரி 12, புதன்

நேற்றுப் பூசம். மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். வழியில் பால் சொசைட்டிக்காரர், உங்கள் மகள் கிடாயை அடக்குகிறாளாமே, எங்களுக்கும் சொல்லித் தரச் சொல்லுங்கள் என்றார். எப்போதும் போல நான் கதையை ஆரம்பிக்கவில்லை. மேகலாதான் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள்.


பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று ஆடுகளுக்குப் பூச்சி மருந்து ஊற்றினோம். நான் பிடிக்க, மேகலா ஊற்றினாள். மருந்து வழிந்து துணியெல்லாம் ஆகிறதென்று கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டாள். என் முன்னால்தான். பழைய தடங்கள் தழும்பாகி மங்கிக்கொண்டிருந்தன. முதலில் ஆட்டைப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். பிறகு நிமிர்ந்து முழுக்கப் பார்த்தேன். அவள் பார்க்கவிட்டாள்.

நாளைக்குத் தாராபுரத்தில் வக்கீலைப் பார்க்க வேண்டும். நானும் வருகிறேன் என்றேன். வாங்க, ஆனால் வக்கீலிடம் வேட்டி கதையைச் சொல்லக் கூடாது என்றாள்.

தாசில்தாரை என்ன செய்வது என்று கேட்டேன். இத்தனை பாடத்துக்குப் பிறகு அவர் மாறிவிடுவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

“அவரு மாறமாட்டாருங்கப்பா. நாம்பதான் தெரிஞ்சு நடக்கறோம். ஆடுதானுங்களே, நடந்துட்டுப் போலாம்.” மருந்துக் குப்பியை மூடினாள். “மனுசனுக்கு எதுக்குங்கப்பா இத்தனை பாத்து நடக்கோணும்?”

பிடித்திருந்த ஆட்டை விட்டேன்.

பெட்டைகளெல்லாம் சினை பிடித்தபிறகு அவரை விற்பதா வைத்துக்கொள்வதா என்று பார்க்கலாம். விற்றால், இவர் முட்டுவார் என்று சொல்லித்தான் விற்பது. டீ வாங்கிக் கொடுத்து, உட்கார வைத்து, முழுக்கச் சொல்லிவிட்டு.

சாயங்காலம் மேகலா வாசல் நடுவில் பாய் போட்டு உட்கார்ந்து காய் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் சுவர் இல்லை. முகம் கொறங்காட்டைப் பார்த்து, முதுகு வீட்டைப் பார்த்து. அங்கே வெள்வேல மரத்தில் டொம் என்றது. நான் தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்தேன். வாளியின் கைப்பிடி கிரீச்சிட்டது. கிட்டத்தில் வந்து, அவள் தோளை உரசுவது போலத் தாண்டிப் போனேன்.

யாரென்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அரிந்துகொண்டே இருந்தாள்.

வாளியை வைத்துவிட்டு, வேண்டுமென்றே இன்னொரு தடவை அதே வழியில் போய் வந்தேன்.